மாடியறை மந்திரிகள்

எங்கள் வீட்டு மாடியறையில் எத்தனை அரசாங்கங்கள் கவிழ்ந்தன என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நடுப்பகல் லுஹர் தொழுது, சாப்பிட்ட வாயைத் துடைத்துக்கொண்டே ஆண்கள் ஏறி வருவார்கள். மென்றால் உற்சாகம் ஏற்றும் காத் இலை ஆளுக்கொரு கட்டு கையில் இருக்கும். திண்டில் சாய்ந்து, தளிராகப் பார்த்துக் கிள்ளிக் கன்னத்தில் ஒதுக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் அத்தனை பேரும் மந்திரிகள். ஒருவர் பாராளுமன்றத்தைக் கலைப்பார், இன்னொருவர் எண்ணெய்ப் பணத்தை ஏழைகளுக்குப் பங்கு போடுவார். என் கணவர் மஹ்யூப் எப்போதும் நீர்ப்பாசன மந்திரி. அவர் வாயைத் திறந்தால் ஏமன் முழுக்க அணைகள் எழும்பும்.

வெயில் சாயும்போது ஒரு மௌனம் வரும். அதைச் சுலைமான் நேரம் என்போம். கன்னம் புடைத்தபடி ஆளாளுக்கு ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு, பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள். மஃரிப் பாங்கு கேட்டதும் இலையைத் துப்பிவிட்டு இறங்கிப் போவார்கள். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பது பழமொழி. எங்கள் ஆண்கள் பேச்சு போவதற்கு விடியக்கூட வேண்டாம்.

அந்த வருஷம் எங்கள் கிணறு இறங்கத் தொடங்கியது. மேல்மலையில் ஷேக் ஹிஸாம் ஆழ்துளைக் கிணறு போட்டு, பம்ப் வைத்துத் தன் காத் தோட்டத்துக்கு ஓயாமல் இறைத்தார். அவர் மேலே உறிஞ்ச உறிஞ்ச, இங்கே கயிற்றோடு கயிறு முடிந்து வாளியை இறக்கினோம். வாளியில் பாதி சேறாக வந்தது. கிணறு வற்றிவிட்டால் அடுத்த தண்ணீர் பள்ளத்தாக்கைத் தாண்டி இருக்கிற ஊற்றில்தான். காலையில் கழுதையோடு போனால் உச்சிவெயிலில்தான் திரும்ப முடியும். எனக்கோ இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. அனுப்புவதென்றால் என் மூத்தவள் நஜ்லாவைத்தான் அனுப்ப வேண்டும். எட்டாம் வகுப்பில் வாத்தியாருக்கே சந்தேகம் தீர்த்துவைக்கும் பெண். கிணறு வற்றுகிற நாள்தான் அவள் படிப்பும் நிற்கிற நாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஒருநாள் ஹுக்காவுக்குக் கங்கு எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். பள்ளிக்கூடத்து ஸாபித் வாத்தியார் உச்சத்தில் இருந்தார்.

"அனுமதியில்லாம ஆழ்துளை போடறதே சட்டப்படி குத்தம்! இந்த அரசாங்கத்துக்கு மட்டும் முதுகெலும்பு இருந்தா, ஹிஸாம் இந்நேரம் கம்பி எண்ணிட்டு இருப்பான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "வாத்தியாரே, ஒரு சந்தேகம். உங்க கன்னத்துல இருக்கே, அது யாரு தோட்டத்து இலை?"

"ஹிஸாம் தோட்டத்துதான். இந்தப் பக்கத்துல வேற எங்க நல்ல இலை கெடைக்குது?"

"அப்ப எங்க கிணத்துத் தண்ணி உங்க வாயிலதான் இருக்கு. மொதல்ல அதத் துப்புங்க, அப்புறம் சட்டம் பேசலாம்."

"தகிய்யா, நீ கீழ போ," என்றார் என் கணவர்.

"அடடா மஹ்யூப், எதிர்க்கட்சிய வீட்டுக்குள்ளயே வச்சிருக்கியே!" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சிரிக்காதீங்கப்பா. இன்னிக்குப் பறிச்ச இலை நாளைக்குக் குப்பை. நாம நாலு ஊரும் சேர்ந்து வாங்காம விட்டா அவன் என்ன பண்ணுவான்? இத்தன வருஷம் பேசறோம், இது ஒண்ணுதான் நம்மால செய்ய முடிஞ்ச காரியம்."

என் கணவர் தொடையில் தட்டினார். "பம்ப் நிக்கற வரைக்கும் ஹிஸாம் இலைய நான் வாங்கினா, என் பொண்டாட்டி எனக்குத் தலாக்!"

இந்த மனுஷன் போட்ட தலாக் சத்தியமெல்லாம் பலித்திருந்தால் நான் எப்போதோ அப்பன் வீட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பேன். இதுவும் மஃரிபோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. மறுநாள் ஒருவரும் வாங்கவில்லை. மாடியறையில் வெறும் வாயோடு உட்கார்ந்து பார்த்தார்கள். பேச்சு வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. தலைவலி என்று ஒருவர் போனார், இன்னொருவர் காரணமே இல்லாமல் சண்டை பிடித்துக்கொண்டு போனார். வேலையற்ற கைகளோடு என் கணவர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் கூரையில் ஏறி, வருஷக்கணக்காக ஒழுகிய இடத்தை மண் குழைத்துப் பூசினார். ஒரு சாயங்காலம் நஜ்லாவிடம் பூகோளப் புத்தகத்தைக் காட்டச் சொல்லி உட்கார்ந்தார். அவள் அடுப்படிக்கு ஓடிவந்து என் காதில் சொன்னாள்: "உம்மா, வாப்பா நெசமாவே செய்யறாரு!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் கல்யாண வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அந்த நாட்களைத்தான் சொல்வேன்.

பக்கத்து ஊர்களும் சேர்ந்துகொண்டன. சந்தையில் ஹிஸாமின் கட்டுகள் ஈரத்துணிக்குள்ளேயே வாடிக் கறுத்தன. விற்கிறவன் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, மிச்சத்தை ஆடுகளுக்குப் போட்டுவிட்டுப் போனான் என்று கேள்விப்பட்டோம். ஆடுகள் எந்த மந்திரிசபை அமைத்தனவோ தெரியாது.

அப்போதுதான் மேலிருந்து ஆள் வந்தான். "ஷேக் உங்க எல்லாரையும் கூப்பிடறார். வியாழக்கிழம பகல் சாப்பாடு. உக்காந்து பேசித் தீர்த்துக்கலாம்னார்."

என் கணவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியா? எறங்கி வந்துட்டார்!"

"அவரு எங்க எறங்கினாரு? நீங்கதான் ஏறிப் போறீங்க," என்றேன். "பம்ப் நிக்கட்டும், அப்புறம் வாயத் தெறங்க. அதுவரைக்கும் ஒரு இலை உள்ள போகக் கூடாது."

"வீடு தேடி வந்தவனுக்கு ஷேக் தன் கையால இலை குடுப்பார். அத வேணாம்னா மூஞ்சில துப்பின மாதிரி. சமாதானம் பேசப் போயிட்டு ரத்தப் பகையோட வரச் சொல்றியா?"

"அப்ப போகாதீங்க. அவர இங்க வரச் சொல்லுங்க. நம்ம சேத்துத் தண்ணில ஒரு டீ போட்டுத் தர்றேன்."

"ஷேக்க இங்க வரச் சொல்றதா!" என்று சிரித்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

மஃரிபுக்குப் பிறகு திரும்பி வந்தார். முகம் பளபளத்தது, ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"ஹிஸாம் நம்ம ஆளு தகிய்யா! நாம தப்பா நெனச்சுட்டோம். நாங்க என்ன பேசினோம், அவர்தான் அரசாங்கத்தக் கிழி கிழின்னு கிழிச்சார். மலைக்கு மேல பெரிய அணை, வீட்டுக்கு வீடு குழாய், பொண்ணுங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம். எல்லாரும் ஒண்ணா மந்திரியப் பாக்கப் போறோம். அவரே வண்டி தர்றாராம்."

"எப்ப?"

"போவோம்."

"பம்ப் என்னாச்சு?"

அவர் திண்டில் உட்கார்ந்தார். கன்னத்து இலையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளினார்.

"கேக்கணும்னுதான் இருந்தோம். அதுக்குள்ள சுலைமான் நேரம் வந்துடுச்சு. அந்த நேரத்துல போயி பம்ப்னு எப்படிப் பேச்செடுக்கறது?"

"நீங்க போட்ட சத்தியம்?"

"வாங்கினாத்தான தலாக்? இது சும்மா குடுத்தது," என்றவரின் கக்கத்தில் வாழைப்பட்டையில் சுற்றிய இன்னொரு கட்டும் இருந்தது. ஷேக் வீட்டு வரிசை.

மறுநாள் விடியும்போது பம்ப் சத்தம் வழக்கம்போலக் கேட்டது. விருந்தில் தின்றவர்கள் சந்தையில் எப்படி மறுப்பார்கள்? ஒருவர் வாங்கினார், அவரைப் பார்த்து அடுத்தவர் வாங்கினார், மாடியறை மறுபடி நிறைந்தது. ஸாபித் வாத்தியார் மட்டும் கொஞ்ச நாள் வராமல் இருந்தார். பிறகு அவரும் வந்தார். தனியாக ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் கொட்டாவி விடுவான்?

மழைக்கு முன்பே கிணறு வற்றியது. நஜ்லா பள்ளிக்கூடத்துப் பச்சை அங்கியை ஆணியில் மாட்டிவிட்டுக் கழுதையைப் பிடித்துக்கொண்டு போனாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு நாள், ஊற்றிலிருந்து வந்த கையோடு ஒரு கூஜா தண்ணீரை மாடிக்கு எடுத்துப் போனாள். இலை மெல்லுகிறவர்களுக்குத் தாகம் அதிகம். நான் பின்னால் குவளைகளோடு ஏறினேன். பெண் கல்வி பற்றித்தான் பேச்சு. "பொம்பளப் புள்ளைங்கள படிக்க வைக்காத நாடு உருப்படுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்த வாத்தியார், கூஜாவோடு நிற்பவள் யாரென்று பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

என் கணவர் அவள் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கயிறு அறுத்த காய்ப்பு. அத்தனை பேருக்கு முன்னாலும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"நாளையிலேர்ந்து ஊத்துக்கு நான் போறேன். ஆம்பள தண்ணி சுமக்கறான்னு ஊர் சிரிச்சா சிரிக்கட்டும். நீ பள்ளிக்கூடம் போம்மா. அல்லா மேல ஆணை!"

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் ஒவ்வொரு சொல்லும் அவர் ஈரலிலிருந்துதான் வந்தது. பொய்யாக இருந்திருந்தால் நான் இப்படி நொந்திருக்க மாட்டேன்.

காலையில் நஜ்லா பச்சை அங்கியும் வெள்ளை முக்காடுமாக, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே அவள் வாப்பா தூங்கிக்கொண்டிருந்தார். இலை மென்றவனுக்கு இரவில் தூக்கம் வராது, விடிந்தபிறகுதான் கண் மூடும். பக்கத்து வீட்டுப் பெண்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "நீங்க போங்க, வர்றேன்," என்றாள். அவர்கள் வளைவு திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிப்போட்ட கழுதை காலை உதைத்தது.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவரை எழுப்பப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அங்கியைக் கழற்றி மடித்து வைத்தாள். வாசலில் இருந்த கேன்களைத் தூக்கினாள்.

"எழுப்பாதீங்க உம்மா," என்றாள். "எழுந்தா ரொம்ப வருத்தப்படுவாரு."