சாமியம்மாளின் முகம்

பொற்கொடி மோதிர விரலில் ஊதா நிறக் கிரீமைத் தொட்டு அம்மாவின் கன்னத்தில் ஒற்றினாள். தேய்க்கவில்லை. அறுபது வயதுத் தோலைத் தேய்த்தால் அது விரலோடு சேர்ந்து மடிந்துகொண்டு வரும். தோலின் மஞ்சளை அடக்க ஊதாதான் போட வேண்டும். ஆனால் இவ்வளவு மஞ்சளுக்கு அவள் இதுவரை போட்டதில்லை.

"அரிக்குதுடி," என்றாள் சாமியம்மாள்.

"சொறியாதம்மா. திட்டுத் திட்டா வந்துரும்."

"எத்தினி நேரம்?"

"மேடையில பத்து நிமிஷம். அதுக்கப்புறம் நானே அழைச்சினு வந்துர்றேன்."

சாமியம்மாள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சொறிந்து சொறிந்து புண்ணான கைகள். அதற்காகவே முழுக்கை ரவிக்கை தைத்திருந்தார்கள்.

கணையத்தில் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. போன திங்கட்கிழமை டாக்டர் பொற்கொடியை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க. ஒரு வாரம், மிஞ்சிப்போனா பத்து நாள்" என்றார். அவள் வெளியே வந்தபோது அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சனிக்கிழமை தாண்டுமாமா?"

இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் தங்கை சரிதாவுக்கு ரிசப்ஷன். நாளைக் காலை ஆறே முக்காலுக்கு முகூர்த்தம்.

மாப்பிள்ளை அன்புச்செல்வன் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை. காடாம்புலியூர்க்காரன். நல்ல பையன். நிச்சயம் முடிந்த மூன்றாம் மாதம் அவனுடைய அப்பா ஈரல் கெட்டு இறந்துபோனார். கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது. பெண் வரும் நேரம் சரியில்லை என்று அவர்கள் சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். இன்னொரு தடங்கல் வந்தால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று மாப்பிள்ளையின் அம்மா கஸ்தூரியம்மாள் சொன்னதாக யாரோ சொல்லி, அது வாய் மாறி வாய் மாறி இவர்கள் இருக்கும் மந்தாரக்குப்பம் வரை வந்து சேர்ந்திருந்தது. சரிதாவுக்கு முப்பத்தொன்று முடிந்துவிட்டது. இப்போது பெண்ணின் அம்மாவும் போய்விட்டால், அவள் மேல் விழும் பேச்சு ஆயுசுக்கும் போகாது.

அதனால் அம்மாவும் மகளும் யாருக்கும் சொல்லவில்லை. அப்பா ராஜாங்கத்திடம் காமாலை என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவருக்கு எதையும் மறைக்கத் தெரியாது. ஓசூர் கம்பெனியில் வேலை செய்யும் சரிதா வீடியோ காலில் வந்தபோதெல்லாம் அம்மா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நேற்று சரிதா வந்து இறங்குவதற்குள் பொற்கொடி ஒரு முறை லேசாகப் பூசிவிட்டிருந்தாள். பகல் வெளிச்சத்துக்கு அது போதும். மண்டபத்து விளக்குகளுக்குப் போதாது.

வீட்டின் முன்னறைதான் பொற்கொடியின் பார்லர். கல்யாணப் பெண்களைவிட வயதான பெண்களுக்குத்தான் அவளைத் தேடி வருவார்கள். சுரங்கத்து டவுன்ஷிப்பில் மாதா மாதம் யாருக்காவது ரிட்டயர்மென்ட் விழா நடக்கும். கணவருக்குச் சால்வை போடும்போது பக்கத்தில் நிற்கிற அந்த ஒரு சாயங்காலத்துக்காக குவார்ட்டர்ஸ் பெண்கள் இந்த நாற்காலியில் வந்து உட்காருவார்கள். பவுடரைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கத்துக்குள் போய் உட்கார்ந்து கோடு கோடாகக் காட்டிவிடும். இமையில் மினுமினுப்பு கூடாது. கறுப்பு மைக்குப் பதில் பழுப்பு. உதட்டுக்கு முதலில் கரை கட்ட வேண்டும், இல்லையென்றால் சாயம் ரேகைகளில் கசியும். எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அம்மாவை இந்த நாற்காலியில் உட்கார வைத்தது மட்டும் நேற்றுத்தான் முதல் முறை.

சாமியம்மாள் இருபத்திரண்டு வருடம் டவுன்ஷிப் பூங்காக்களில் கான்ட்ராக்டில் புல் வெட்டினாள், தண்ணீர் விட்டாள், சருகு கூட்டினாள். வெயிலில் வந்த மங்கு இரண்டு கன்னத்திலும் கருத்துக் கிடந்தது. பொற்கொடி நனைத்த ஸ்பாஞ்சால் ஒரு மெல்லிய பூச்சு ஏற்றினாள். காயவிட்டாள். இன்னொரு பூச்சு. எலும்பு துருத்திய இடத்துக்குக் கீழே நிழல் விழாமல், கன்னத்தின் மேட்டில் கொஞ்சம் சிவப்பு. கடைசியில் பொட்டு.

"கண்ணுக்கு இன்னா பண்ணுவ?" என்றாள் அம்மா.

கண்களின் வெள்ளை, மஞ்சளாகிக் கலங்கிக் கிடந்தது.

"கண்ணுக்கு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. யாரு வந்து பேசுனாலும் கீழ பாரு."

"வெக்கப்படுற மாதிரியா?"

"ஆமா."

சாமியம்மாள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"குவார்ட்டர்ஸ் அம்மா மாதிரி இருக்கறன்டி," என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

மண்டபத்தில் யாரும் நம்பவில்லை. "நம்ம சாமியம்மாளா இது! பொண்ணுக்கு அக்கா மாதிரி இல்ல இருக்குது" என்று சொந்தக்காரப் பெண்கள் சிரித்தார்கள். காமாலை இறங்கிவிட்டது என்று அப்பா எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொற்கொடி அம்மாவின் இடுப்பில் கைபோட்டு நடத்திக்கொண்டு போனாள். பார்ப்பவர்களுக்கு அது பாசமாகத் தெரிந்திருக்கும். அம்மாவின் முழு எடையும் அவள் கையில்தான் இருந்தது.

மேடையில் சரிதா அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். அம்மாவின் கன்னத்துப் பூச்சு சரிதாவின் நெற்றியில் ஒட்டிக்கொள்ளுமோ என்று கீழே நின்ற பொற்கொடிக்குப் பதறியது.

"அம்மா, இங்க பாருங்க," என்றான் போட்டோக்காரன்.

சாமியம்மாள் கீழே பார்த்தபடியே சிரித்தாள்.

படியிறங்கி வரும்போது கஸ்தூரியம்மாள் எதிரில் வந்தாள். கணவர் போனதிலிருந்து அவள் மேடைப் பக்கம் போவதில்லை. நாற்காலி வரிசையின் ஓரத்திலேயே நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தவள், வந்து சாமியம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"சம்பந்தியம்மா, கொஞ்சம் நிமுந்து பாருங்க."

பொற்கொடி குறுக்கே வந்தாள். "அம்மாக்கு லைட்டு கூசுதுங்க அத்த…"

அதற்குள் சாமியம்மாள் நிமிர்ந்துவிட்டாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். கஸ்தூரியம்மாளின் முகத்தில் எதுவும் மாறவில்லை. கைகளை மெதுவாக விட்டாள்.

"வூட்டுக்குப் போயி படுங்க. இங்க நாங்க பாத்துக்கறோம்," என்றாள்.

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் பொற்கொடி அந்த முகத்தையே நினைத்துக்கொண்டு வந்தாள். பார்த்துவிட்டாளா, பார்க்கவில்லையா? இன்றிரவே மகனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டால்? மடியில் சாய்ந்திருந்த அம்மாவின் மூச்சில் ஒரு கரகரப்பு ஏறியிருந்தது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் படுக்க வைத்தபோது மணி எட்டு.

"தாலி ஏர்ற வரைக்கும் வாயத் தொறக்காத," என்றாள் சாமியம்மாள். "உங்கப்பாகிட்டகூட."

"நீ ஒண்ணும் பேசாத. படு."

"சத்தியம் பண்ணு."

பொற்கொடி அம்மாவின் உள்ளங்கையில் கை வைத்தாள். அம்மா தண்ணீர் கேட்டாள். டம்ளரோடு அவள் திரும்பி வந்தபோது மூச்சு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் தெருவில் ஒரு பஸ் முழுதாகக் கடந்து போனது. பிறகு அவள் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். டம்ளரைக் கீழே வைக்காமல் அப்படியே நின்று காத்திருந்தாள். எட்டேகால்.

பக்கத்து வீட்டுக்கு நடுவில் இருப்பது ஒற்றைக்கல் சுவர், இருமினாலே கேட்கும். பொற்கொடி முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்துத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். சத்தம் மட்டும் வரவில்லை.

ஒன்பது மணிக்கு போன் அடித்தது. சரிதா, வீடியோ கால். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்காவிட்டால் அப்பாவை அனுப்பி வைப்பாள். பொற்கொடி எழுந்தாள். துண்டை மடித்து அம்மாவின் தாடைக்குக் கீழே கொடுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். உதட்டுச் சாயம் அப்படியே இருந்தது. கன்னம்தான் வெளுத்துக்கொண்டு வந்தது. முன்னறையில் மிச்சமிருந்த சிவப்பை எடுத்து வந்து விரலில் தொட்டு இரண்டு கன்னத்திலும் ஒற்றினாள். பார்லரில் ஒற்றுவது போலவே ஒற்றியது கை. இது என்ன கை என்று தோன்றியது.

மூன்றாவது முறை அடித்தபோது எடுத்தாள்.

"எங்கக்கா போயிட்ட? அம்மாவக் காட்டு."

"தூங்கறாங்கடி."

"தூங்கட்டும். சும்மா காட்டேன்."

போனைத் திருப்பினாள்.

"எவ்ளோ அழகா இருக்குக்கா," என்றாள் சரிதா, அம்மாவை எழுப்பிவிடக் கூடாது என்பது போல் குரலைத் தாழ்த்தி. "மேடையில எல்லாரும் அம்மாவத்தான் பாத்துக்கினு இருந்தாங்க. எனக்கும் காலைல இப்டியே போட்டு வுடு. எத்தினி மணிக்கு வருவ?"

"அம்மாக்கு வாந்தியா இருந்துச்சு. நான் வர்றது கஷ்டம்டி. பெட்டி அங்கதான் இருக்கு, நீயே போட்டுக்க."

"நீ இல்லாமயா?"

"தூக்கம் வருது சரிதா. வெச்சிர்றேன்."

காலையில் ஐந்து மணிக்கு மறுபடி போன். கஸ்தூரியம்மாள்.

"பொற்கொடி, உங்கப்பா வூட்டுக்கு ஒரு நடை போயிட்டு வரன்னு கெளம்புனாரு. நான்தான் நிறுத்தி வெச்சிருக்கறன்."

பொற்கொடி எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"தாரை வாக்க உங்க சித்தப்பா சித்திய உக்கார வெக்கச் சொல்லிட்டன். நீ யாரு வந்தாலும் கதவத் தொறக்காத. தாலி ஏறுனதும் நானே போன் பண்றன்."

"அத்த…"

"எங்க வூட்டுக்காரரு போறப்போ அந்தக் கண்ணத்தான் ரெண்டு மாசமா பாத்துக்கினு இருந்தன். ராத்திரி நீ திரும்பி வரலன்னதும் புரிஞ்சிபோச்சி. எப்போ?"

"எட்டேகாலுக்கு."

"ராத்திரி முச்சூடும் தனியாவா இருந்த?"

பொற்கொடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கட்டில் காலச் சுத்தி மஞ்சத்தூளு போடு," என்றாள் கஸ்தூரியம்மாள். "எறும்பு வரும்."

பொற்கொடி சமையலறைக்குப் போய் மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து வந்தாள். குனிந்து நாலு கால்களைச் சுற்றியும் போட்டாள். நாலாவது காலுக்கு வந்தபோது எழுந்திருக்க முடியாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஏழுக்குச் சில நிமிடம் முன்னால் வந்த அழைப்பில் யாரும் பேசவில்லை. கெட்டிமேளம் மட்டும் கேட்டது. அது நிற்கும்வரை கஸ்தூரியம்மாள் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். பிறகு துண்டித்துவிட்டாள்.

எட்டு மணிக்குள் தெரு நிறைந்துவிட்டது. அப்பா புது வேட்டியோடு வந்து, கட்டிலைப் பார்த்துவிட்டு, பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டு மாசமா காமாலைன்னுதான சொல்லிக்கினு இருந்தீங்க" என்று பொற்கொடியிடம் சொன்னார்.

வாசலில் ஒரு கிழவி சரிதாவுக்குக் குறுக்கே நின்று, "புதுத் தாலியோட சாவு வூட்டுக்குள்ள வராதம்மா" என்றாள். பின்னால் வந்த கஸ்தூரியம்மாள், "அவளப் பெத்தவ" என்று மட்டும் சொல்லி, மருமகளின் முதுகில் கைவைத்து உள்ளே விட்டாள்.

சரிதா கூறைப்புடவையோடு கட்டில் பக்கம் வந்து நின்றாள். அவசரத்தில் தானே மை தீட்டியிருந்தாள். ஒரு கண்ணில் கோடு நீளமாகவும் இன்னொன்றில் குட்டையாகவும் இருந்தது. அழவில்லை.

"எத்தினி மணிக்கு?" என்றாள்.

"எட்டேகால்."

"நான் போன் பண்ணது ஒம்போது."

"ஆமா."

"தூங்கறாங்கன்னு சொன்ன."

பொற்கொடி தலை குனிந்தாள். கையைப் பிடிக்கப் போனாள். சரிதா விலக்கிக்கொண்டாள்.

குளிப்பாட்டுவதற்காக வந்த பெண்கள் முகத்தில் தண்ணீர் விட்டுத் துடைத்தார்கள். "இன்னாடி இது, தண்ணி நிக்காம வழியுது. போவவே மாட்டுதே" என்றாள் ஒருத்தி.

"அது தண்ணிக்குப் போவாது. நான் எடுக்கறன்," என்றாள் பொற்கொடி.

தேங்காய் எண்ணெயும் பஞ்சும் எடுத்து வந்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள். பூச்சு கரைந்து பஞ்சில் வந்தது. அதன் அடியிலிருந்து மஞ்சள் தெரிந்தது. நேற்றையதைவிடக் கூடுதலான மஞ்சள். பிறகு மங்கு. பிறகு ஒட்டிப்போன கன்னத்தின் குழி. சுற்றி நின்ற பெண்கள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள்.

சரிதா கட்டிலின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி முகம் துடைத்து முடிந்தபோது அவள் மெதுவாகத் தரையில் மண்டியிட்டாள். துடைத்த பக்கத்தில் கையை வைத்தாள். எடுத்துத் தன் விரல்களைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

"இவ்ளோவா?" என்றாள்.



பொற்கொடி பஞ்சைத் திருப்பிப் பிடித்து மறு கன்னத்துக்கு வந்தாள். உதடு. மோவாய். முடித்துவிட்டு எழுந்திருக்கப் போனாள்.

"அக்கா," என்றாள் சரிதா. அம்மாவின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து மெல்ல ஒருபக்கமாகச் சாய்த்துக் காட்டினாள். "காதுக்குப் பின்னாடியும் இருக்கு."

பொற்கொடி புதுப் பஞ்சைப் பிய்த்து எண்ணெயில் தொட்டாள். சரிதா முடியை விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.