சூனியக்காரியின் ஏற்புரை

1

இந்தக் கதையை என் கற்பனை என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான். முடியாது, ஒரு நோட்டீஸில் பிறந்தது. 2005 ஆடி மாதம், பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய ‘மூன்று சூனியக்காரிகள்’ நாவலை ஜெயங்கொண்டத்தில் வெளியிட்டோம். ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் சும்மாவே கிடைத்தது. அச்சகக்காரர் காசிநாதனுக்கோ அந்த மாதம் முழுக்க அம்மன் கோயில் நோட்டீஸ் வேலை. அதே சூலத்தையும் எலுமிச்சம்பழத்தையும் என் நோட்டீஸிலும் போட்டு, நடுவில் நாவலின் தலைப்பையும் என் படத்தையும் பெரிதாக வைத்து, ‘நூல் வெளியீடு’ என்பதை அடியில் எறும்பு அளவுக்கு அடித்துவிட்டார்.

“என்னங்க இது?”

“கூட்டம் வரும், பாருங்கம்மா.”

வந்தது.

2

[முதலில் எழுதிய தொடக்கம்: ‘முந்திரித் தோப்பின் மேல் நிலா...’ அடித்துவிட்டேன். விழா காலை பத்து மணிக்கு. நிலாவுக்கு அங்கே என்ன வேலை?]

வரதராஜன்பேட்டைப் பக்கத்திலிருந்து சின்னப்பிள்ளை என்பவள், பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகள் பாக்யலட்சுமியை இழுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தாள். என்னைக் கண்டதும் கும்பிட்டாள்.

“நோட்டீஸ்ல பாத்தேன் தாயி. இவ முந்திரிக்காட்டுல தனியா பேசுறா, சிரிக்கிறா. பேய் புடிச்சிருக்குன்னு ஊரே சொல்லுது. பள்ளிக்கூடத்த நிறுத்திட்டோம். வர்ற அமாவாசைக்குப் பேயோட்டுறவருகிட்ட கொண்டுபோவணுமாம். சாட்டையால அடிப்பாராம். எனக்கு மனசு கேக்கல. நீங்க பெரிய சூனியக்காரியாமே, நீங்க சொன்னா பேயோட்டுறத நிறுத்திடுவோம்.”

“காட்டுல யாருகிட்டம்மா பேசுன?” என்றேன் பெண்ணிடம்.

“யாருகிட்டயும் இல்லக்கா. கதை கட்டிக்கிட்டு இருந்தேன். அதுல வர்றவங்க பேச வேணாமா?”

நானும் அடுப்படியில் அப்படித்தான் பேசிப் பேசி எழுதுகிறேன். என்னை யாரும் சாட்டையால் அடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

3

(சின்னப்பிள்ளையை முதலில் முரட்டுப் பொம்பளையாக எழுதினேன். சுத்தப் பொய். பேசும்போதெல்லாம் மகளின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். அவள் கண்களில் தெரிந்தது... வேண்டாம். பயந்துபோயிருந்தாள். அது போதும்.)

“நான் சூனியக்காரி இல்லைங்க” என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து பாக்யலட்சுமி அவசரமாகத் தலையாட்டினாள். சத்தம் வராமல் உதடு மட்டும் அசைந்தது: “ஆமான்னு சொல்லுங்கக்கா.”

அந்நேரம் பார்த்து மேடையில் என்னை ஏற்புரைக்கு அழைத்தார்கள்.

“பேயோட்ட வேணாம்னு மைக்குலயே சொல்லிடுங்க தாயி. எங்க வூட்டு ஆளுங்க, தெருக்காரங்க எல்லாம் வந்திருக்காங்க. அப்பத்தான் நம்புவாங்க.”

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த உரையின் முதல் வரி: ‘சூனியம் என்று ஒன்று கிடையவே கிடையாது.’

4

முடிவு ஒன்று. அந்த வரியைச் சொல்கிறேன். பலத்த கைதட்டல். வீட்டார் ஏமாந்துபோய் எழுந்து போகிறார்கள். அமாவாசை வருகிறது.

முடிவு இரண்டு. கண்ணை உருட்டி, “இவளை ஒழுங்கா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு, மேல கை வச்சே தொலைச்சுடுவேன்” என்று கத்துகிறேன். எனக்கு நன்றாகவே வரும். பாக்யலட்சுமி தப்பிக்கிறாள். ஆனால் முன்வரிசைப் பிள்ளைகள் அத்தனை பேரும் சூனியத்தை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். நாளைக்கு வேறொரு பெண்ணைச் சாட்டைக்கு இழுத்துப்போவார்கள்.

முடிவு மூன்று. மைக்கை அவளிடமே கொடுத்து, காட்டில் கட்டிய கதையைச் சொல்லச் சொல்கிறேன். பேயில்லை, கதைதான் என்று ஊரே தன் காதால் கேட்கட்டும். எனக்குப் பிடித்தது இதுதான்.* ஆனால் இத்தனை பேருக்கு முன்னால் அவளுக்கு நாக்கு எழாமல் போனால்? மயங்கி விழுந்துவிட்டால்? அப்புறம் யார் சொன்னாலும் கேட்கமாட்டார்கள்.

* பிடித்திருப்பதற்குக் காரணம், அதில் நான் நல்லவளாகத் தெரிகிறேன்.

5

மூன்றில் எதையும் நீங்கள் அழும்படி என்னால் முடித்துவிட முடியும். அந்தத் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் முடிக்கவில்லை.

மைக் முன்னால் நிற்கிறேன். சின்னப்பிள்ளை கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை. பக்கத்தில் பாக்யலட்சுமியின் உதடு மறுபடி அசைகிறது. ‘ஆமான்னு சொல்லுங்க’ என்கிறாளா, தன் கதையைத் தனக்கே சொல்லிப் பார்க்கிறாளா, மேடையிலிருந்து தெரியவில்லை.

இந்தாருங்கள், நீங்களே மைக்கைப் பிடியுங்கள். இன்று ஞாயிறு. வியாழக்கிழமை அமாவாசை.