பன்னிரண்டு மணி ஹாரன்

மின்வாரிய ஆபீசில் அவர் துணை இயக்குநர். தெருவில் அவர் யூனிட் சார். "என்ன சார், சௌக்கியமா?" என்று கேட்டால்கூட, "நேத்து நம்ம தெரு எவ்வளவு யூனிட் இழுத்திருக்கு தெரியுமா?" என்று ஆரம்பிக்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

யூனிட் சாருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. அவர் சொல்வதை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆபீசில் அவர் வாயைத் திறந்தால் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கொட்டாவி வந்துவிடும். வீட்டில் மனைவி பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. நாள் முழுக்கக் கூட்டத்தை அதட்டிவிட்டு வருகிறவள், புருஷனின் பிரசங்கத்தைக் கேட்கவா போகிறாள்? போதாக்குறைக்கு மாடியில் மச்சினன். பேட்டரி டாக்ஸி ஓட்டுகிறான். அவர் எதைச் சொன்னாலும் "ஆமா மாமா" என்பான், அதற்கு நேர்மாறாகச் செய்வான்.

அப்படிப்பட்டவர்தான் அந்தத் திட்டத்தைப் பெற்றெடுத்தார். விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் சூரியத் தகடுகளைப் பரப்பிவிட்டார்கள். உச்சி வெயிலில் மின்சாரம் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, வாங்கத்தான் ஆளில்லை. நம் ஜனங்களுக்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் எல்லா வேலையும் ஞாபகம் வரும். துவைப்பது, இஸ்திரி போடுவது, வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது எல்லாம் அப்போதுதான். அந்த நேரத்துக்கு நிலக்கரியை எரித்தாக வேண்டும். பகலில் நல்ல மின்சாரம் வீணாகிறது, ராத்திரியில் ஊரெல்லாம் புகை. இதை நினைத்து நினைத்து யூனிட் சாருக்கு வயிறு எரிந்தது.

பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை பாதி விலை. ஜனங்கள் தங்கள் வேலையை வெயிலுக்கு மாற்றிக்கொள்ளட்டும். இதுதான் திட்டம். வெள்ளோட்டத்துக்கு எந்தத் தெரு என்று கேட்டபோது, "எங்க தெருவே இருக்கட்டும்" என்று மார்தட்டிக்கொண்டார். யாராவது தடுத்திருக்கலாம்.

புது மீட்டர்கள் மாட்டி மாதங்கள் ஓடின. ஒரு ஈ காக்கைகூட அசையவில்லை. முனையிலிருக்கும் பேக்கரிக்காரர், "மத்தியானம் கரண்ட் அடுப்பைப் போட்டா சாயங்காலம் ரொட்டி ஆறிப்போயிரும் சார்" என்றார். எதிர்வீட்டுத் தையல்காரம்மா, "மத்தியானந்தான் கொஞ்சம் கண் அசருவேன், அதுக்கும் உலை வைக்கிறீங்களே" என்றாள். மச்சினன் "ஆமா மாமா" என்றான், பொழுது சாய்ந்ததும் டாக்ஸிக்குச் சார்ஜ் போட்டான்.

கடைசியில் இயக்குநர் மேடம் கூப்பிட்டனுப்பினார். சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் மேடத்துக்குக் கிடையாது. "சனங்க பழக்கத்தை மாத்திக்க மாட்டாங்க. இதை மூடிரலாம்னு இருக்கேன். சனிக்கிழமை மத்தியானம் நானே வந்து பாக்கறேன். ஏதாவது அசைஞ்சிருந்தா சரி, இல்லைன்னா அத்தோட முடிஞ்சது."

யூனிட் சார் ஆயுசுக்கும் உருப்படியாக யோசித்த ஒரே காரியம் இதுதான். அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டால், ஓய்வு பெறும் வரை கோப்பு நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். "சனிக்கிழமை ஒரு நாள், ஒரே ஒரு நாள், பன்னிரண்டு அடிச்சதும் எல்லாத்தையும் போடுங்க. என் மானம் உங்க கையில" என்றார்.

யூனிட் கணக்கு எதையும் சொல்லாமல் அவர் கெஞ்சியதை அன்றுதான் தெரு பார்த்தது. பேக்கரிக்காரருக்கே கண் கலங்கிவிட்டது. "எங்க மூணு அடுப்பையும் போட்டுர்றேன் சார்" என்றார். மச்சினனுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "ஆளாளுக்கு ஒரு கடிகாரம் மாமா. ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். நான் தெரு நடுவுல நின்னு ஹாரன் அடிக்கறேன், எல்லாரும் ஒண்ணா போடட்டும்."

அந்த யோசனையைக் கேட்டு யூனிட் சார் மச்சினனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளாக இருவருக்குள் நடந்த முதல் கட்டிப்பிடிப்பு அது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கினாள். "எல்லாரும் ஒண்ணாவா? எங்க ஸ்கூல்ல சாப்பாட்டு மணி ஒரே நேரத்துல அடிச்சா குழாய்ல தண்ணியே வராதுங்க. அதனாலதான் வகுப்பு வகுப்பா பிரிச்சு விடறோம்."

"இது குழாய் இல்லம்மா, கரண்ட். உனக்குச் சொன்னாப் புரியாது" என்றார் யூனிட் சார்.

அவள் மறுபேச்சுப் பேசாமல் துணியை மடித்தாள். அவள் பேசாமலிருந்தால் கவலைப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மேடம் குடையோடு வந்து இறங்கினார். கையில் டேப்லெட், அதில் தெருவின் மின்சாரச் செலவைக் காட்டும் கோடு படுத்துக் கிடந்தது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. தையல்காரம்மா தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு, ஒரு கை இஸ்திரிப் பெட்டி சுவிட்சிலும் இன்னொரு கை தண்ணீர் மோட்டாரிலுமாக ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மச்சினன் தன் டாக்ஸி ஸ்டாண்டு சகாக்களையும் கூட்டி வந்து, அவர்கள் வண்டிகளையும் வீட்டுக்கு வீடு சார்ஜில் மாட்டி வைத்திருந்தான். இது யூனிட் சாருக்கே தெரியாத உபரி சேவை.

மச்சினன் ஹாரனை அமுக்கினான்.

கோடு எழுந்தது. எழுந்தது என்றா சொல்வது, எகிறிக் குதித்தது. மேடத்தின் புருவம் மேலே போனது. யூனிட் சாருக்கு நெஞ்சு பொங்கியது. தெரு முழுக்க, ஒரு வீடு பாக்கியில்லாமல், அவர் பேச்சைக் கேட்டிருந்தது! "பாத்தீங்களா மேடம்..." என்று அவர் வாயெடுத்தார்.

தெருமுனை ட்ரான்ஸ்பார்மர் 'டமார்' என்றது. மேலே ஒரு புகைச் சுருள் கிளம்பியது. கோடு பொத்தென்று விழுந்து தரையோடு ஒட்டிக்கொண்டது.

மோட்டார், மின்விசிறி, மிக்ஸி, டிவி எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. அந்தத் தெருவில் அவ்வளவு அமைதியை யாரும் கேட்டதில்லை. எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். பேக்கரிக்காரர் மட்டும் மெதுவாக, "இன்னும் போட்டே வைக்கணுமா சார்?" என்று கேட்டார்.

மேடம் ட்ரான்ஸ்பார்மரைப் பார்த்தார், டேப்லெட்டைப் பார்த்தார், பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார். "சனங்க மாற மாட்டாங்கன்னு சொல்லி மூடத்தான் வந்தேன். இவ்வளவு மாறுவாங்கன்னு நினைக்கல. ஆனா எல்லாத்தையும் ஒரே நொடியில போட்டா தாங்காதுன்னு இங்க ஒருத்தருக்குமா தோணல? அப்படிப்பட்ட ஆளுங்க கையில இதை எப்படிங்க விட்டுட்டுப் போறது?"

யூனிட் சாரிடம் பதில் ஒன்று தயாராக இருந்தது: ட்ரான்ஸ்பார்மர் பழசு. பழசுதான், பொய்யில்லை. அதைச் சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது, தெருக்கோடியில் தன் வீட்டு வாசலில் மனைவி நிற்பது தெரிந்தது. இவ்வளவு நாளும் தன் பேச்சை யாரும் கேட்பதில்லை என்று புலம்பிய வாய்தானே அவளிடம் 'உனக்குப் புரியாது' என்றது என்று நினைத்ததும் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"தோணுச்சு மேடம். என் வீட்டுக்காரிக்குத் தோணுச்சு. பிரிச்சுப் பிரிச்சு விடணும்னு சொன்னா. நான்தான் கேக்கல."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மின்விசிறிகூட ஓடாத தெருவில் அது கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்தது.

"அப்ப அவங்களே தெருவைப் பிரிச்சுத் தரட்டும்" என்றார் மேடம். "யாருக்கு எந்த நேரம்னு அவங்க சொல்றபடி இன்னும் மூணு மாசம் நடத்துங்க. ட்ரான்ஸ்பார்மரை நான் பாத்துக்கறேன்."

திட்டம் பிழைத்துவிட்டது. யூனிட் சாருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தெருக்கோடியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"என்னங்க! ஏதோ சொன்னீங்களே, சரியா காதுல விழல!"

"நீங்க சொன்னதுதான் சரின்னு சார் சொல்றாரு!" என்றார் பேக்கரிக்காரர் உதவியாக.

"உங்களைக் கேக்கல. அவர் சொல்லட்டும்!"

தெருவே அவரைத் திரும்பிப் பார்த்தது. யூனிட் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நீ சொன்னதுதான் சரி! நான் கேட்டிருக்கணும்!" என்று கத்தினார். மச்சினன் அதற்கும் ஒரு ஹாரன் அடித்தான்.

வியர்த்து விறுவிறுத்து வாசலுக்கு வந்தவருக்கு அவள் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். "நிஜமாவே முதல் தடவை காதுல விழலியா?" என்று கேட்டார் அவர்.

"விழுந்துச்சு" என்றாள் அவள். "கரண்ட் வந்துட்டா அப்புறம் அந்தச் சத்தத்துல தெருவுக்கு எங்க கேக்கப் போகுதுன்னுதான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்."