புற்றடி முட்டை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாந்தினி புற்றடியில் வைத்துவிட்டுப் போகும் முட்டையை, சனிக்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் தீபன் எடுத்துவிடுவான். மழைச்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, செமோர் சாலையைத் தொட்டதும் கால்வாயில் வீசுவான். கட்டிய மனைவி வைத்த படையலைத் திருடுகிற புண்ணியவான் இந்த ஊரிலேயே தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொள்வான்.

ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்த பிறகும் தோட்டத்தில் அந்தப் புற்றை மட்டும் யாரும் இடிக்கவில்லை. தகரக் கூரையும் மஞ்சள் துணியுமாக நின்றது. உள்ளே வெளுத்த நிறத்தில் ஒரு நாகம் இருந்தது. இரண்டு முறை கரு கலைந்த பிறகு சாந்தினி அதற்கு முட்டை வைக்கத் தொடங்கினாள். ஒருநாள் அவனையும் அழைத்துப்போய்த் தூரத்தில் நின்று காட்டினாள். அவன் கைப்பேசியில் படம் பிடித்தான். பிடித்தவன் சும்மா இருந்திருக்கலாம். ஈப்போவில் மீன் கடையின் பின்னறையில் பாம்பும் உடும்பும் திருட்டுத்தனமாக விற்கும் ஷர்வினிடம் காட்டித் தொலைத்தான்.

"இந்தக் கலரு கிடைக்காது மச்சான். கண்ணாடித் தொட்டில வச்சு வளக்க ஆளுங்க அலையுறானுங்க லா."

ஒன்று போனால் அந்தப் புற்றுக்கு இன்னொன்று வராமலா போகும் என்று தீபன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். பிடிக்க வந்தவர்களுக்கு வழிகாட்டியதும் அவன்தான். அடுத்த வாரமே ஷர்வின் அழைத்தான்.

"அனுப்புன பெட்டியிலயே செத்துப்போச்சு மச்சான். வேற இருக்கா?"

புற்றுக்கு வேறு எதுவும் வரவில்லை. வைத்த முட்டை வைத்தபடியே கிடந்தது. அப்போது சாந்தினிக்கு மூன்றாம் மாதம்.

"நான் என்னங்க தப்பு செஞ்சேன்? இதையும் புத்து அம்மா எடுத்துக்கப் போறாங்களா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். அவனுக்குத் தாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை முதன்முதலாக முட்டையை எடுத்தான். அன்று புற்றடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

போன வாரம் முட்டை பைக்குள்ளேயே உடைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மழைச்சட்டையைக் கழற்றி மாட்டியவன் கழுவ மறந்துபோனான். ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தால் அது துவைக்கப்பட்டுக் கொடியில் தொங்கியது. சாந்தினி ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று யோசிக்க அவனுக்குப் பயமாக இருந்தது.

நேற்றும் அவள் வழக்கம்போல் தட்டோடு கிளம்பினாள். "வாரேங்க," என்றாள். திரும்பி வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்று காலை தீபன் மோட்டாரை நிறுத்திவிட்டுப் புற்றடியில் குனிந்தான். வாழையிலைத் துண்டில் இருந்தது பச்சை முட்டை இல்லை. அவித்து, ஓடு உரித்து, இரண்டாகப் பிளந்து, அவனுடைய சாப்பாட்டு டப்பாவில் வைப்பது போலவே உப்பும் மிளகும் தூவி வைத்திருந்தாள்.

நீட்டிய கையை மடக்க முடியாமல் அங்கேயே குந்தியிருந்தான். மஞ்சள் கருவைத் துணுக்குத் துணுக்காகச் சுமந்துகொண்டு எறும்புகள் வரிசையாகப் புற்றின் வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தன.