தொடங்கப்படாத பணி

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் புரொபோசல். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நடக்க முடியாத பிள்ளைகள் பகலெல்லாம் இருந்து படித்து, கைகால் பயிற்சி செய்துவிட்டு வீடு திரும்புகிற மையம் அது. அதற்காக எங்கெங்கோ இருக்கிற அறக்கட்டளைகளிடமும் நகராட்சியிடமும் நிதி கேட்டு விண்ணப்பம், அதாவது புரொபோசல், எழுதுவது அவள் வேலை. எவர் தண்ணீருக்குத் தருவார், எவர் பெண் குழந்தைகளுக்கு மட்டும் தருவார், எவர் இந்த வருஷம் மரம் நடுகிறவனைத் தவிர வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மரம் நடுகிற வருஷத்தில், சக்கர நாற்காலிகளுக்கு நிழல் வேண்டும் என்று எழுதி நிதி வாங்கிய கெட்டிக்காரி.

அந்த எழுத்துக்கென்று ஒரு மொழி உண்டு. அதில் பிள்ளைக்குப் பெயர் பயனாளி. முதல் பக்கத்தில் பயனாளி சிரிக்கக் கூடாது. கடைசிப் பக்கத்தில், நிதி வந்தால் சிரிப்பாள் என்று எழுதிக்கொள்ளலாம். நடுவில் எத்தனை பக்கம் இருக்கிறதோ அத்தனையிலும் பயனாளி நாறிக்கொண்டிருக்க வேண்டும். முதல் வருஷம் இதை எழுதும்போது அவளுக்குக் குமட்டியது. சாக்கடை ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கு மூக்கு பழகிவிடுகிற மாதிரி அதுவும் பழகிவிட்டது. அடுத்த மாதம் நடக்கப்போவதைக்கூட நடந்து முடிந்தது போல முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவாள்.

மையத்தை நடத்துகிறவர் அவளுடைய தாய்மாமா. கெட்டவர் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது, அதுதான் தொல்லை. பிள்ளைகளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிற பிசியோ தம்பிக்குச் சம்பளம் கொடுக்க மனைவியின் வளையலை அடகு வைத்தவர். அதே மனுஷன் அறக்கட்டளை ஆள் யாராவது வந்தால் குழைகிற குழைவைப் பார்த்தால், பார்க்கிறவர்களுக்குக் கூசும்.

மையத்தில் இல்லாதது சக்கர நாற்காலி நுழைகிற ஒரு கழிப்பறை. மூலையில் ஒரு போர்வையைக் கட்டி, பின்னால் ஒரு வாளி வைத்திருந்தார்கள். ஆயா பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்பாள். சின்னதுகளுக்கு அது போதும். பெரிய பெண் ஒருத்திக்குப் போதாது. அவள் புரொபோசலின் அக்கா மகள், பதின்மூன்று வயது. வாய் ஓயாது என்பதால் எல்லாரும் அவளை வாயாடி என்றே கூப்பிட்டார்கள். அந்த வாய்க்குள் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. குடித்தால் தூக்கச் சொல்ல வேண்டும். உதடு வெடித்து, உச்சி வெயிலில் தலைவலியோடு உட்கார்ந்திருப்பாள்.

கழிப்பறை கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போய் மாதக்கணக்காகியும் மூச்சுப் பேச்சில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்கள் பொறுத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் கொத்தனார், ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். மீந்த செங்கல், பழைய குழாய், எவன் வீட்டிலோ கழற்றிப் போட்ட கதவு என்று தேற்றி, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கட்டியே விட்டார்கள். அகலமான கதவு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார்ந்தபடியே எட்டுகிற உயரத்தில் தாழ்ப்பாள். முதல் நாள் உள்ளே போய்த் தாழ் போட்ட வாயாடி வெளியே வரவே இல்லை. ஆயா பயந்துபோய்க் கதவைத் தட்டினாள். சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன், யாரும் பார்க்காத இடத்தில் இருந்து எத்தனை நாளாகிறது என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அன்றிலிருந்து பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள். அதைப் பார்க்கவே புரொபோசலுக்கு அத்தனை சந்தோஷம்.

சுண்ணாம்பு காய்ந்ததும் அறக்கட்டளைக்கு முழிப்பு வந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, எங்கள் பிரதிநிதி நேரில் வருகிறார் என்று கடிதம். கூடவே ஒரு விதி: ஏற்கனவே தொடங்கிய பணிக்கும் முடிந்த பணிக்கும் நிதி கிடையாது.

உண்மையைச் சொல்லி, அந்தப் பணத்தைச் சம்பளத்துக்குக் கேட்கலாம் என்றாள் அவள். மாமா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"சம்பளத்துக்கு எவன் குடுப்பான்? சுவத்துக்குத்தான் குடுப்பான். சுவத்துலதான் பேர்ப்பலகை மாட்ட முடியும். பிசியோ தம்பி நெத்தியிலயா மாட்ட முடியும்?"

அவர் சொன்னது நிஜம். வேலை செய்கிறவனுக்குச் சோறு போட யாருக்கும் மனசு வராது. திறந்து வைக்க, ரிப்பன் வெட்ட, படம் பிடிக்க ஒரு சுவர் வேண்டும். பிள்ளைகளின் கால் நேராவதைப் படம் பிடிக்க வருஷக்கணக்காகும், அதுவரை எவன் கேமராவோடு காத்திருப்பான்?

சுவருக்கென்று வருகிற பணத்தைச் சம்பளத்துக்குத் திருப்பிக்கொள்வது மாமாவின் கணக்கு. கழிப்பறையைப் பூட்டி, கிடங்கு என்று எழுதி ஒட்டினார்கள். கதவுக்கு முன்னால் உடைந்த பெஞ்சுகளை அடுக்கினார்கள். மூலையில் பழைய போர்வை மறுபடி ஏறியது. செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருந்த வாளியை மாமாவே தேடி எடுத்து வந்தார். ஆயா அதைக் கழுவப் போனபோது, கழுவ வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். சீ என்று வந்தது புரொபோசலுக்கு. சாவியை மாமா தன் மேசை இழுப்பறையில் போட்டதையும் பார்த்தாள்.

வாயாடியிடம் மாமா தனியாகப் பேசினார். இன்று ஒருநாள் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது, கிடங்கைப் பற்றி மூச்சு விடக் கூடாது, பிசியோ அண்ணன் வேலை அதில்தான் இருக்கிறது. அவள் சரி தாத்தா என்றாள். பெரியவர்களை விட அந்தப் பெண்ணுக்கு வாக்கு பெரிது.

பிரதிநிதி அம்மாள் பருத்திப் புடவையில், எளிமையே உருவாக வந்து இறங்கினார். ஒவ்வொரு பிள்ளையின் கன்னத்தையும் தொட்டார், தொட்ட கையைப் பைக்குள் விட்டுச் சின்னக் கிருமிநாசினிப் புட்டியைப் பிதுக்கித் துடைத்துக்கொண்டார். அடுத்த கன்னம், அடுத்த பிதுக்கல். எல்லாருக்கும் பழச்சாறு கொண்டுவந்திருந்தார். குடிப்பதைப் படம் எடுக்க வேண்டும் என்பதால் யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வாயாடி ஒன்றைக் குடித்தாள். படம் சரியாக விழவில்லை என்று இன்னொன்றும் கொடுத்தார்கள்.

பிறகு மாமா திரையில் படம் போட்டுப் பேச ஆரம்பித்தார். அவர் பேச்சு எப்போது முடிந்திருக்கிறது? புரொபோசல் வழக்கம்போல் ஓரமாக நின்று குறிப்பெடுத்தாள். அந்த அம்மாளின் புருவம் எந்தச் சொல்லுக்கு உயர்கிறது, எதற்குத் தலை ஆடுகிறது என்று எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த விண்ணப்பத்துக்கு உதவும். நிமிர்ந்தபோது வாயாடியைப் பார்த்தாள். நாற்காலிச் சக்கரங்களை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. கண் பெஞ்சு அடுக்கியிருந்த பக்கம் போய்ப் போய் வந்தது. ஆயா போர்வையைக் காட்டி ஜாடை செய்தாள். வாயாடி தலையை ஆட்டி மறுத்தாள். அந்நியர்கள் நிறைந்த அறையில் தூக்கிக்கொண்டு போய் வாளியில் உட்கார வைக்க அவள் விடமாட்டாள்.

புரொபோசல் மாமாவைப் பார்த்தாள். மாமா பேச்சை நிறுத்தாமலே கண்ணால் சொன்னார்: கொஞ்சம் பொறு. அவள் குனிந்து மறுபடி எழுத ஆரம்பித்தாள்.

முதலில் சத்தம்தான் கேட்டது. நாற்காலியிலிருந்து சிமென்ட் தரையில் சொட்டிச் சொட்டி, பிறகு ஓடியது. சின்னப் பிள்ளைகள்கூடச் சிரிக்கவில்லை. பிரதிநிதி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார், கண் கலங்கியது. மறு கை அதற்குள் போனை எடுத்துவிட்டது. முகம் வராமல் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். தாராளமாக என்றார் மாமா. யாரும் வாயாடியிடம் கேட்கவில்லை.

கார் போனதும் மாமா புரொபோசல் அருகில் வந்து நின்றார். கண் ஈரமாகத்தான் இருந்தது.

"பாவம்தான். ஆனா நாம சொல்லிக் குடுத்திருந்தாக்கூட இப்படி அமைஞ்சிருக்காது."

அவள் ஓரடி விலகி நின்றாள். மாமாவின் சட்டை, அவர் வாயில் மிச்சமிருந்த பிஸ்கட் வாசனை, பக்கத்தில் நிற்பது எல்லாமே அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாளிலிருந்து வாயாடி மையத்துக்கு வரவில்லை. கழிப்பறையைத் திறந்துவிட்டார்கள், பெஞ்சுகளையும் எடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு இவள் போன் செய்தால் எடுப்பதில்லை.

நிதி வந்தேவிட்டது. எங்கள் பிரதிநிதி நேரில் கண்டு மனம் உருகிய காட்சியே முடிவுக்குக் காரணம் என்று கடிதத்தில் இருந்தது. கூடவே ஒரு வேண்டுகோள்: அதே பயனாளி புதிய கழிப்பறை வாசலில் சிரிப்பது போல ஒரு படமும், ஒரு பக்க வெற்றிக் கதையும் வேண்டும். மாமா அவள் மேசையில் கடிதத்தை வைத்துவிட்டு, அக்காவிடம் பேசிப் பெண்ணை ஒரே ஒருநாள் அழைத்து வா, சுவருக்கு வெள்ளையடித்துவிடலாம், புதுசு மாதிரி இருக்கும் என்றார்.

அவள் எழுதினாள். கழிப்பறை உங்கள் கடிதத்துக்கு முன்பே பெற்றவர்கள் கையால் கட்டி முடிந்தது, அதை ஒளித்துவைத்தோம், அந்தப் பெண் நனைந்தபோது பூட்டிய கதவு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது, உங்கள் நிதி வேண்டாம். பயனாளி என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லாமல் அவள் எழுதிய முதல் கடிதம் அதுதான். அனுப்பிவிட்டு மாமாவிடம் போய்ச் சொன்னாள். அவர் கத்தவில்லை. பிசியோ தம்பியை இனி நீயே கூப்பிட்டுச் சொல்லிவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நடக்கும்போதே சொல்ல வேண்டியதையெல்லாம் கோத்துக்கொண்டாள்.

அக்கா கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை. வாயாடி ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். உதடு மறுபடி வெடித்திருந்தது. இவள் பக்கத்தில் உட்கார்ந்து, கடிதத்தைப் பற்றி, நிதியைத் திருப்பிவிட்டதைப் பற்றி, இனி யாரும் அந்தக் கதவைப் பூட்ட மாட்டார்கள் என்பதைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, அந்த முகம் கொஞ்சம் இளகும் என்று காத்திருந்தாள்.

"அன்னிக்கு நான் உன்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் சித்தி," என்றாள் வாயாடி. "நீ சாவிய எடுத்துக்கிட்டு வருவேன்னு. நீ எழுதிக்கிட்டு இருந்தே. என்ன எழுதினே?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"பயனாளியால் அடக்க இயலவில்லைன்னு எழுதினேன்."

வாயாடி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப அடக்கிக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றாள். "நீ குனிஞ்சு எழுத ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் விட்டுட்டேன்."