சும்மா இருக்கப் பயிற்சி

1

இது கதையாக எழுதப்பட வேண்டியதே இல்லை. ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டிருந்தார்கள். வயதானவர்களுக்கு ஓவியமும் பாட்டும் களிமண் வேலையும் சொல்லித்தரக் கலைஞர்களைத் தயார்செய்கிற ஒரு பயிற்சி வகுப்பைப் பற்றி. போனேன், பார்த்தேன், அசந்துபோனேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியும் பாராட்டுவிழா மேடைப் பேச்சாகவே வந்து விழுந்தது. பொன்னாடை ஒன்றுதான் பாக்கி. அதனால் கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, உலகத்தில் இல்லாத ஒரு பெண் ஓவியரை உண்டாக்கி அந்த வகுப்புக்கு அனுப்பிவைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "மாலை வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து..." (வேண்டாம். எல்லாக் கதைகளிலும் வெயில் ஜன்னல் வழியேதான் வருகிறது.)

இரண்டாவது: "கலைக்கு வயதில்லை என்று..." (மறுபடியும் மேடை ஏறிவிட்டேன்.)

மூன்றாவது: ஓவியருக்குக் கோபம் வந்தது. (இது இருக்கட்டும்.)

ஓவியருக்குக் கோபம் வந்தது. பெரிய மனிதர்களின் முகங்களை வரைந்து பேர் வாங்கியவர். கோடு போட்டால் போட்டதுதான், அழிக்கிற பழக்கமே கிடையாது. அவரை உட்காரவைத்து, வயதானவர்களின் கையும் கண்ணும் எப்படியிருக்கும் என்று தெரியட்டுமென, தடித்த கையுறையையும் எண்ணெய் தடவிய மூக்குக்கண்ணாடியையும் மாட்டிவிட்டு, இடது கையால் ஒரு கோப்பை வரையச் சொன்னார்கள். வந்தது கோப்பை இல்லை, யாரோ மிதித்துவிட்டுப் போன தொப்பி. பக்கத்திலிருந்த பாடகர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடையது அதைவிட மோசம்.

"இப்ப யாராவது வந்து உங்க கோப்பையைச் சரிபண்ணிக் குடுத்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டார் பயிற்சி தருகிற அம்மா.

"நிம்மதியா இருக்கும்" என்றார் ஓவியர்.

வகுப்பே சிரித்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

3

இந்த அம்மாவைப் பற்றி எனக்கே சந்தேகம். நாட்டியம் ஆடியவர், முழங்கால் போனபிறகு இந்த வேலைக்கு வந்தவர். பயிற்சிக்கு வந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் சும்மா டீச்சர். சொல்லித்தருகிறவர் ஒரு கேள்வி கேட்கலாம், அப்புறம் சும்மா இருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் தடுமாறினாலும் சும்மா இருக்க வேண்டும். "கை பரபரன்னு வருதா? அது மேலயே உக்காந்துக்கங்க" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். தினமும் சொல்வார்.

இவ்வளவு நல்லவரை யார் நம்புவார்கள்? அதனால் ஒரு குறை சேர்த்தேன்: அடுத்தவர் பிஸ்கட்டைக் கேட்காமல் எடுத்துத் தின்பார். (சேர்த்தபிறகு அவரை இன்னும் பிடித்துப்போய்விட்டது. ஆக, குறை வேலை செய்யவில்லை.)

4

பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் ஓவியருக்கு நிஜமான மாணவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர் அம்மா. கை நடுங்கும். தன் க்ளினிக்கில் இருந்த நாற்காலியை, நோயாளிகள் சாய்ந்து வாயைத் திறப்பார்களே அதை, வரைந்துகொண்டிருந்தார். முதுகுச் சாய்வின் கோடு தள்ளாடித் தள்ளாடி இறங்கியது. ஓவியர் பார்த்தார். பொறுத்தார். முடியவில்லை.

"குடுங்க டாக்டர், ஒரே நிமிஷம்."

தூரிகையை வாங்கி இரண்டே இழுப்பு. நாற்காலி எழுந்து நின்றது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கணக்கு எழுதுகிறவரோ லாரி ஓட்டுகிறவரோ இந்தத் தவறைச் செய்யவே முடியாது. நன்றாக வரையத் தெரிந்த கைக்கு மட்டுமே வாய்க்கும் தவறு இது.)

"ரொம்ப அழகா இருக்கு" என்று டாக்டர் படத்தை ஓவியர் பக்கம் நகர்த்தினார். "நீங்களே வெச்சுக்கங்க."

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

"உங்களை நம்பி ஒரு வகுப்பை விட எனக்குப் பயமா இருக்கு" என்றார் சும்மா டீச்சர். ஓவியருக்குச் சுருக்கென்றது. ஆனால் தன் வகுப்பு போவதைவிட, டாக்டர் இனி வரையாமலே இருந்துவிடுவாரோ என்பதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

5

ஓவியர் ஒரு பூங்கொத்தோடு... (அடித்துவிட்டேன்.) ஓவியர் வெறுங்கையோடு டாக்டர் வீட்டுக்குப் போனார்.

"நான் பண்ணது தப்பு, டாக்டர்."

"உங்களுக்குக் கை நல்லா இருக்கும்மா. அதுல என்ன தப்பு?" டாக்டர் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "நடுக்கம் வந்ததுமே க்ளினிக்கை மூடிட்டேன். ஒருத்தர் வாய்க்குள்ள இந்தக் கையை விட முடியுமா? காகிதத்துக்கு வலிக்காது, இங்க நடுங்கினா நடுங்கட்டும்னுதான் வரைய வந்தேன். அதையும் நீங்க சரிபண்ணிட்டீங்க."

ஓவியர் சொல்வதற்கென்று நான் நல்ல நல்ல ஆறுதல் வசனங்களாக எழுதிவைத்திருந்தேன். ஒன்றைக்கூட அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தலையை ஆட்டினார், தரையைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தபடி சும்மா இருந்தார். அது லேசுப்பட்ட காரியம் இல்லை. நான் உண்டாக்கிய ஆள்தான், ஆனாலும் அந்த நேரத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கட்டுரையில் எழுத வராமல் போனது இதுதான்.

6

டாக்டர் மறுபடி வகுப்புக்கு வந்தார். புதுக் காகிதம், அதே நாற்காலி. முதுகுச் சாய்வு நடுங்கியபடி இறங்கியது, இருக்கை வந்தது, கைப்பிடிக்கு வந்ததும் தூரிகை நின்றுவிட்டது. டாக்டர் அதை ஓவியரிடம் நீட்டினார்.

"எனக்கு முடியலை. நீங்களே போட்டுடுங்க."

வாங்கினால் பழைய தவறு. வாங்காவிட்டால், வாய்விட்டுக் கேட்டவரைக் கைவிட்ட பாவம். இதைச் சும்மா டீச்சரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

முடிவு அ: ஓவியர் வாங்கிப் போட்டார், எல்லோரும் மகிழ்ந்தார்கள். (மகிழ்ந்தது நான்தான்.)

முடிவு ஆ: "உங்களால முடியும், டாக்டர்!" (எழுதும்போது எனக்கே கூசியது.)

இரண்டையும் ஓவியர் ஏற்கவில்லை. தன் நாற்காலியை டாக்டர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தக் கைப்பிடி எங்க போய் முடியும், டாக்டர்?"

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "வந்தவங்க எல்லாம் இதைத்தான் இறுக்கிப் பிடிச்சுக்குவாங்க. பயத்துல."

"எந்த இடத்துல பிடிப்பாங்க?"

டாக்டர் தூரிகையாலேயே காட்டினார். நுனியிலிருந்து ஒரு சொட்டு அந்த இடத்தில் விழுந்தது.

தூரிகை இன்னும் டாக்டர் கையில்தான் இருக்கிறது. அதை மறுபடி நீட்டுவாரா, அந்தச் சொட்டிலிருந்து இழுப்பாரா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவசரப்படாதீர்கள். ஓவியர் அவசரப்படவில்லை.