அறுபத்திரண்டில் போன ஆமை

அப்பாவின் ஸ்கூட்டர் திருடு போன பதினெட்டாம் நாள், அது அதிவேகமாகப் போனதாக, கேமராவில் எடுத்த போட்டோவோடு எங்களுக்கு அபராத நோட்டீஸ் வந்தது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். பிறகு சிரித்தாள். அப்பா இறந்த இந்த நான்கு மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"அறுபத்திரண்டாமே! நம்ம வண்டியா? சைக்கிள்காரன்கூட மணியடிச்சிட்டு முந்திப் போவான்டி!"

உண்மைதான். அப்பா முப்பதைத் தாண்டியதே இல்லை. அந்தக் காலத்தில் நாற்சந்தியில் குடையின் கீழ் நின்ற போலீஸ்காரர் ஒருமுறை அவரை ஓரங்கட்டி, "பின்னாடி பஸ் நிக்குது சார். வண்டி ஓட்டறீங்களா, ஊர்வலம் போறீங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து தெரு முழுக்க அப்பாவுக்கு 'ஆமை' என்றுதான் பெயர். எந்த வண்டி எந்த வீட்டுடையது என்று அந்தப் போலீஸ்காரருக்கு அத்துப்படி. பின்சீட்டில் நான் தூங்கி வழிந்ததைப் பார்த்துவிட்டு, நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்திவைத்து என்னை எழுப்பியவர் அவர்.

இப்போது நாற்சந்தியில் குடையும் இல்லை, ஆளும் இல்லை.

நோட்டீஸோடு ஸ்டேஷனுக்குப் போனோம். இது ஐந்தாவது தடவை. மேஜைக்குப் பின்னால் ரைட்டர் மட்டும் இருந்தார்.

"எல்லாரும் வேகமா போறவங்களைப் பிடிக்க இறக்கத்துல கேமராவோட நிக்கறாங்கம்மா. நாளைக்கு வாங்க."

"திருடன் மூஞ்சியே இதுல இருக்கு சார்," என்றேன்.

"அது அபராதப் பிரிவு. திருட்டு வேற பிரிவு."

பெஞ்சில் முடிதிருத்தும் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் கடைப் பூட்டை யாரோ உடைத்து ஒரு மாதமாகிறது. "என் கடைக்கு வந்தவன் நடந்து வந்துட்டான்மா. வேகமா வந்திருந்தா அன்னிக்கே புடிச்சிருப்பாங்க," என்றார். ரைட்டர் பதிவேட்டைப் புரட்டத் தொடங்கினார்.

வீட்டில் அம்மா அந்தப் போட்டோவைக் கீழே வைக்கவே இல்லை.

"முப்பது வருஷம் பின்னாடி உக்காந்து போனேன். நாங்க ரெண்டு பேரும் வண்டியில இருக்கற மாதிரி ஒரு போட்டோ இல்ல பாரு. திருடனுக்குக் கிடைச்சிருக்கு."

அடுத்த வாரம் இரண்டாவது நோட்டீஸ். முதல் நோட்டீஸில் இருந்த அதே இறக்கம், அதே செவ்வாய்க்கிழமை, அதே காலை எட்டு பத்து.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த இறக்கத்துல உங்கப்பா மெதுவா இறங்கினாலே அந்த வண்டி கீழ் வளைவுல மூச்சடைச்சு நின்னுடும். சாய்ச்சுப் பிடிச்சாத்தான் கிளம்பும். அது இவனுக்கு எங்க தெரியப்போகுது?"

தினமும் காலையில் அப்பா வாசலில் ஸ்கூட்டரை இடப்பக்கம் சாய்த்துப் பிடிப்பார். அவருடைய பையை ஏந்திக்கொண்டு அம்மா நிற்பாள். அந்த அரை நிமிடத்தில்தான் அவர்களுடைய பேச்செல்லாம் நடக்கும்.

செவ்வாய்க்கிழமை இறக்கத்தில் மூன்று போலீஸ்காரர்கள் கேமராவைச் சுற்றி நின்றார்கள். விஷயத்தைச் சொன்னோம். "கேமராவை விட்டு நகரக் கூடாதும்மா," என்றார் ஒருவர். நாங்கள் கீழ் வளைவில் போய்க் காத்திருந்தோம்.

சொல்லிவைத்த மாதிரி எட்டு பத்துக்கு ஸ்கூட்டர் இரைந்துகொண்டு வந்து, இருமி, நின்றது. தொப்பையும் தொப்பியுமாக ஒரு ஆள் இறங்கி உதைத்தான். மறுபடி உதைத்தான். வியர்த்து வழிந்தது.

"அப்படி உதைச்சா வராது தம்பி," என்று அம்மா அருகே போனாள். "இடது பக்கம் சாய்ங்க. இன்னும் கொஞ்சம். ம், இப்ப உதைங்க."

கிளம்பிவிட்டது.

"ரொம்ப தேங்க்ஸ்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்காரர் இப்படித்தான் செய்வார். இந்த வண்டியைத்தான்."

நான் இரண்டு நோட்டீஸையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். தன் படத்தைப் பார்த்தான். வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தான்.

"என்ன வேகம் பாரு," என்றாள் அம்மா. "இதுக்கு நோட்டீஸ் கிடையாதா?"

நான் ஓட்ட, அம்மா பின்னால் ஏறிக்கொண்டாள். மேட்டில் ஏறி, போலீஸ்காரர்களைத் தாண்டியதும் என் தோளைத் தட்டினாள்.

"திருப்புடி. இறக்கத்துல ஒரு தடவை போகலாம்."

"எதுக்கும்மா?"

"அறுபதுக்கு மேல போ. இல்லேன்னா போட்டோ எடுக்க மாட்டாங்க."

பின்னால் அவள் தலைமுடியைச் சரிசெய்துகொள்வது தெரிந்தது. போனேன். கேமரா ஒருமுறை மின்னியது. கீழ் வளைவில் ஸ்கூட்டர் இருமி நின்றது.

இறங்கி இடப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தேன். அம்மா என் தோளிலிருந்து பையைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.